கறுப்பர் ஆங்கிலமும் அமெரிக்கப் பள்ளிக் கல்வியும்: மொழிக்குறைக் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரௌன் வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுப்பள்ளிகளில் வெள்ளையினச் சிறாரையும் கறுப்பினச் சிறாரையும் பிரித்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்பது அதன் சாரம். தீர்ப்பு நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒரே வகுப்பறையில் இரு இனத்தாரும் அமர்ந்த இடங்களிலும் கறுப்பினச் சிறார் பலர் வாசிப்பில் பின்தங்கியே இருந்தனர். சட்டம் தடையை நீக்கிய பின்னரும் இடைவெளி எஞ்சியது ஏன் என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை தேடிய கல்வியியலாருள் ஒரு சாரார் காரணத்தை அச்சிறாரின் மொழியில் கண்டனர்.

இவ்வாறு இனச்சிக்கல் மொழிச்சிக்கலாக உருமாறியது. அப்போது அது மொழியியலின் ஆய்வெல்லைக்குள்ளும் வந்தது. கடந்த அறுபது ஆண்டுகளில் இச்சிக்கலுக்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. சிறாரின் மொழி குறையுடையது என்பது முதலாவது. அது குறையுடையதன்று, வேறுபட்ட ஒழுங்குடையது என்பது இரண்டாவது. சிக்கல் பேசுவோரிடத்தில் இல்லை, கேட்போரிடத்தில் உள்ளது என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவது விளக்கம் மொழியியலாரின் பெருவெற்றியாகப் பாடநூல்களில் போற்றப்படுகிறது. அவ்வெற்றி பள்ளியில் என்ன மாற்றத்தை விளைவித்தது, எதைத் தொடாமல் விட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குறைக் கொள்கை

1960களில் வறுமை ஒழிப்புத் திட்டங்களின் ஒரு பகுதியாக அமெரிக்காவில் முன்பள்ளிக் கல்வி விரிவுபெற்றது. 1965இல் தொடங்கப்பெற்ற ஹெட் ஸ்டார்ட் திட்டம் இவற்றுள் முதன்மையானது. ஏழைச் சிறார் பள்ளிக்கு வரும்போதே எதையோ இழந்து வருகின்றனர், அவ்விழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1966இல் வெளிவந்த பெரைட்டர், எங்கெல்மன் ஆகியோரின் நூல் அவ்விழப்பை மொழியில் கண்டது. நான்கு வயதுக் கறுப்பினச் சிறாரின் பேச்சில் தருக்க ஒழுங்கு இல்லை என்றும், பள்ளி தொடக்கத்திலிருந்தே மொழியைக் கற்பிக்க வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். இணைப்புவினை இல்லாத தொடர்கள் அவர்களுக்குச் சான்றாயின. 'தே ஆர் மைன்' எனக் கூற வேண்டிய இடத்தில் 'தே மைன்' என ஒரு குழந்தை கூறினால், அக்குழந்தையின் சிந்தனையிலேயே இணைப்பு இல்லை என அவர்கள் கருதினர்.

இங்கிலாந்தில் பாசில் பெர்ன்ஸ்டைன் வகுத்த சுருங்கிய குறியீடு, விரிந்த குறியீடு என்னும் பாகுபாடும் இக்கொள்கைக்குத் துணையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெர்ன்ஸ்டைன் ஆராய்ந்தது ஆங்கிலச் சமுதாயத்தின் வர்க்க அமைப்பையே. அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது அக்கருத்தில் வர்க்கம் இருந்த இடத்தில் இனம் அமர்ந்தது. சமுதாயத்தின் குறைகளைக் கல்வியால் ஈடுசெய்ய இயலாது என 1970இல் பெர்ன்ஸ்டைனே எழுத நேர்ந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1969இல் ஆர்தர் ஜென்சன் ஒரு படி மேலே சென்றார். நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்களில் இனங்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபுவழிக் கூறுகளுக்குப் பங்கிருக்கலாம் என ஹார்வர்டு கல்வி இதழில் அவர் எழுதினார். ஈடுசெய் கல்வி தோல்வியுற்றதாகக் கூறியே அக்கட்டுரை தொடங்கியது என்பதை மறத்தலாகாது. குறை குழந்தையிடம் உள்ளது என முன்னரே ஏற்கப்பட்டிருந்ததால், கற்பித்தல் பயன்தராதபோது பழி அக்குழந்தையின் பிறப்பின் மேல் விழுந்தது. குறைக் கொள்கையினர் பலர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் அவர்களின் முற்கோள் இத்தகைய முடிவுக்கு வழி திறந்து வைத்திருந்தது.

3. மொழியியலாரின் மறுப்பு

குறைக் கொள்கைக்கு முழுமையான மறுப்பை அளித்தவர் வில்லியம் லபோவ். நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் 1960களின் நடுவில் அவரும் அவர்தம் குழுவினரும் நடத்திய கள ஆய்வு, 1969இல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்கு அடிப்படை. அம்மறுப்பு இரு பகுதிகளை உடையது.

முதற்பகுதி இலக்கணம் பற்றியது. கறுப்பர் ஆங்கிலத்தில் இணைப்புவினை கெடுவது நெறியின்றி நிகழ்வதன்று. பொது ஆங்கிலத்தில் இணைப்புவினை எங்கெல்லாம் குறுகி ஒலிக்குமோ அங்கெல்லாம் கறுப்பர் ஆங்கிலத்தில் அது கெடலாம். பொது ஆங்கிலத்தில் குறுக இயலாத இடத்தில், எடுத்துக்காட்டாகத் தொடரின் இறுதியில், கறுப்பர் ஆங்கிலத்திலும் அது கெடுவதில்லை. தன்மை ஒருமை வடிவமாகிய 'ஆம்' கெடுவது அரிது. இறந்தகால வடிவமாகிய 'வாஸ்' கெடுவதில்லை. விதியை அறியாதவர் ஒருவரால் இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்ய இயலாது.

தமிழறிந்தோருக்கு இதில் வியப்பேதும் இருத்தற்கில்லை. 'அவர் ஆசிரியர்' என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் வினைச்சொல் இல்லை. இறந்தகாலம் குறிக்கப்படும்போது 'அவர் ஆசிரியராக இருந்தார்' என வினை தோன்றுகிறது. இவ்விரு மொழிகளுக்கும் உறவில்லை. எனினும் இணைப்புவினையின் இன்மையைத் தருக்கத்தின் இன்மையாகக் கொள்வோர், தமிழிலும் உருசிய மொழியிலும் அரபியிலும் சிந்திக்க இயலாது என ஒப்ப வேண்டிவரும்.

கறுப்பர் ஆங்கிலத்தில் பொது ஆங்கிலம் தனி வடிவம் தந்து காட்டாத வேறுபாடுகளும் உள்ளன. 'ஹீ வொர்க்கிங்' என்றால் அவன் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று பொருள். 'ஹீ பி வொர்க்கிங்' என்றால் அவன் வழக்கமாக வேலை செய்பவன் என்று பொருள். இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் இரண்டையும் ஒரே பிழையாகக் கொண்டு ஒரே சிவப்பு மையால் திருத்துகிறார். ஒரு தொடரில் எதிர்மறை இருமுறை வருதலும் இத்தகையதே. இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்னும் வாதம் கணக்கிலிருந்து கடன் பெற்றதாகும். சாசர் காலத்து ஆங்கிலத்திலும் இன்றைய ஸ்பானிய மொழியிலும் எதிர்மறை மீண்டும் வருதல் இயல்பான வழக்கே.

மறுப்பின் இரண்டாம் பகுதி சான்று திரட்டும் முறை பற்றியது. கறுப்பினச் சிறார் பேசுவதில்லை, ஒற்றைச் சொல்லில் விடையளிக்கின்றனர் என்பது குறைக் கொள்கையினரின் தரவு. இத்தரவு எவ்வாறு பெறப்பட்டது என லபோவ் வினவினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பேட்டி கண்டவர் ஹார்லத்திலேயே வளர்ந்த கறுப்பினத்தவர். அப்போதும் அச்சிறுவன் ஒரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை பேட்டியாளர் அவனுடைய நெருங்கிய தோழனையும் அழைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு வறுவலைக் கொண்டுவந்து வைத்தார். சிறாரோடு தரையில் அமர்ந்தார். பெரியோர் முன் சொல்லத் தகாத சொற்களைத் தாமே பேச்சில் நுழைத்தார். பேசாச் சிறுவன் எனக் கருதப்பட்டவன் தோழனோடு போட்டியிட்டுப் பேசினான்.

இந்நிகழ்ச்சி பல நூல்களில் பிறழக் கூறப்படுகிறது. வெள்ளையர் கேட்டபோது பேசாத சிறுவன் கறுப்பர் கேட்டபோது பேசினான் என்பது அப்பிறழ்வு. பேட்டியாளரின் நிறத்தை மட்டும் மாற்றியபோது சிறுவனின் பேச்சில் மாற்றம் விளையவில்லை என்பதே உண்மை. கேட்கும் பெரியவர், கேட்கப்படும் சிறுவன், சொல்வதெல்லாம் தனக்கெதிராகப் பயன்படக்கூடும் என்னும் அச்சம் ஆகியவற்றாலான அதிகார உறவு மாறியபோதே மொழி வெளிப்பட்டது. பின்னர் வந்த விவாதங்களில் போதிய கவனம் பெறாத நுட்பம் இதுவாகும்.

4. ஆன் ஆர்பர் வழக்கு

மொழியியலாரின் மறுப்பு நீதிமன்றம் ஏறியது 1970களின் இறுதியில். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், கிரீன் ரோடு என்னும் இடத்துக் குடியிருப்பைச் சேர்ந்த கறுப்பினச் சிறாரின் சார்பில் 1977இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் பயின்ற மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப்பள்ளியில் பெரும்பான்மையினர் வெள்ளையினத்தவர். வழக்குத் தொடுத்த சிறாருள் சிலர் கற்றல் குறைபாடுடையோர் என வகைப்படுத்தப்பட்டிருந்தனர். தங்கள் பிள்ளைகளுக்கு அக்குறைபாடு இல்லை, பள்ளிக்கு அவர்களைக் கற்பிக்கத் தெரியவில்லை என்பது தாய்மாரின் முறையீடு.

வழக்கின் தொடக்கத்தில் சமூக, பொருளாதார, பண்பாட்டுக் காரணங்களும் முன்வைக்கப்பட்டன. நீதிபதி சார்லஸ் ஜாய்னர் அவற்றை ஏற்கவில்லை. சம கல்வி வாய்ப்புச் சட்டத்தின் (1974) ஒரு பிரிவு மட்டுமே விசாரணைக்கு எஞ்சியது. மாணவரின் சமப்பங்கேற்பைத் தடுக்கும் மொழித்தடையை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறுதல் பற்றிய பிரிவு அது. லபோவ், ஜெனிவா ஸ்மிதர்மன் முதலிய அறிஞர்கள் சிறாரின் தரப்பில் துணை நின்றனர். 1979 ஜூலை 12 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு சிறாருக்குச் சார்பாக அமைந்தது. சிறாரின் வீட்டுமொழியைக் கருத்திற்கொண்டு வாசிப்பைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு உதவும் திட்டமொன்றை வகுக்குமாறு பள்ளி வாரியம் பணிக்கப்பட்டது. வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை.

இத்தீர்ப்பில் இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. கறுப்பர் ஆங்கிலத்தையே தடை என நீதிபதி கூறவில்லை. அம்மொழியை ஆசிரியர் தம்மை அறியாமலே இழிவாகக் கருதுவதால் குழந்தை வாசிப்பிலிருந்து விலகுகிறது என்பதே அவர் கண்ட தடை. எனவே திருந்த வேண்டியவர் ஆசிரியர் எனத் தீர்ப்பு கொண்டது. இது முதலாவது. வறுமை, இருப்பிடம், இனம் ஆகியவற்றால் விளையும் தாழ்வை நேரடியாக எடுத்துரைத்த முறையீடுகள் வாயிலிலேயே நிறுத்தப்பட்டன. மொழித்தடை என்னும் உருவில் வந்தபோதே இனப்பாகுபாட்டைப் பற்றிப் பேச இடம் கிடைத்தது. இது இரண்டாவது. மொழியியலின் வெற்றியும் அவ்வெற்றியின் எல்லையும் இவ்வொரே வழக்கில் காணக்கிடக்கின்றன.

அதே 1979ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் முடிவுற்ற லாரி பி. வழக்கை இதனுடன் ஒப்பிடலாம். அம்மாநிலத்தின் மாணவருள் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர். கல்விநிலையில் மனவளர்ச்சி குன்றியோர்க்கென அமைந்த வகுப்புகளிலோ அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடாக இருந்தனர். கறுப்பினச் சிறாரை அவ்வகுப்புகளில் சேர்க்க நுண்ணறிவுத் தேர்வுகளைப் பயன்படுத்துதலை நீதிபதி ராபர்ட் பெக்கம் தடைசெய்தார். இங்கு இனம் நேரடியாகவே பேசப்பட்டது. குறை எனப் பெயரிடும் கருவியே ஆராயப்பட்டது. ஆன் ஆர்பரில் ஆசிரியரின் மனப்பான்மையும் கலிபோர்னியாவில் தேர்வுத்தாளும் குற்றக்கூண்டில் நின்றன.

5. வாசிப்பும் கிளைமொழியும்

வேறுபாட்டுக் கொள்கை கற்பித்தல் முறைக்கு அளித்த பயன் சிறிதன்று. கறுப்பர் ஆங்கிலத்தில் சொல்லிறுதி மெய்ம்மயக்கங்கள் எளிமையாதலால் 'பாஸ்ட்' என்பதும் 'பாஸ்' என்பதும் ஒன்றாக ஒலித்தல் உண்டு. ஒரு குழந்தை இறந்தகால விகுதியை ஒலிக்காமல் படிக்கும்போது அவ்விகுதியின் பொருளை அறியவில்லையா, அறிந்தும் தன் ஒலிப்பு முறைப்படி படிக்கிறதா என்பதை ஆசிரியர் பிரித்தறிதல் வேண்டும். லபோவ் இதற்கு ஓர் எளிய சோதனையை வகுத்தார். படித்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வினை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே எழுத்துகளால் எழுதப்படுவது. ஒலிப்பு மட்டும் 'ரீட்', 'ரெட்' என வேறுபடும். இறந்தகால விகுதியுடைய வினையொன்றை முன்வைத்து அதன்பின் இவ்வினை வருமாறு தொடரமைத்தால், குழந்தை அதை எவ்வாறு ஒலிக்கிறது என்பதிலிருந்து விகுதியின் பொருள் அதற்குத் தெரியுமா என அறியலாம். பொருள் தெரிந்த குழந்தைக்கு வாசிப்புத் திருத்தம் தேவையில்லை. பொருள் தெரியாத குழந்தைக்கு ஒலிப்பைத் திருத்துவதால் பயனில்லை.

1977இல் வெளிவந்த 'பிரிட்ஜ்' என்னும் வாசிப்புப் பாடத்தொகுதி, கறுப்பர் ஆங்கிலத்தில் தொடங்கி இடைநிலை வடிவத்தின் வழியே பொது ஆங்கிலத்துக்கு மாணவரை அழைத்துச் சென்றது. சோதனையின்போது நான்கு மாதப் பயிற்சியில் இதனைப் பயின்றோர் 6.2 மாத அளவு முன்னேற்றமும், வழக்கமான முறையில் பயின்றோர் 1.6 மாத அளவு முன்னேற்றமும் பெற்றனர். எனினும் பாடநூலில் கறுப்பர் ஆங்கிலம் இடம்பெறுவதை எதிர்த்த குரல்கள் வலுவாக இருந்தன. தொகுதி நிலைபெறவில்லை. ஹன்னி டெய்லர் அரோரா பல்கலைக்கழகத்தில் இரு வழக்குகளையும் ஒப்பிட்டுக் கற்பித்தபோது, மாணவரின் எழுத்தில் கிளைமொழிக் கூறுகள் 59.3 விழுக்காடு குறைந்தன. ஒப்பீடின்றி வழக்கமான முறையில் பயின்றோரிடம் அவை 8.5 விழுக்காடு மிகுந்தன. 1989இல் வெளிவந்த இம்முடிவு ஒரு முரணைக் காட்டுகிறது. வீட்டுமொழியை வகுப்பறையிலிருந்து விலக்குவோர் தாம் விரும்பும் பொது ஆங்கிலத்தையும் கற்பிக்கத் தவறுகின்றனர். பயன் தெளிவாகத் தெரிந்த முறைகள் கைவிடப்பட்டதற்குக் காரணம் அறிவுக்குறை எனக் கூற இயலாது.

6. ஓக்லாந்து தீர்மானம்

கலிபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியம் 1996 டிசம்பர் 18 அன்று நிறைவேற்றிய தீர்மானம் இவ்வகையில் பெரும் சோதனையாக அமைந்தது. 1973இல் ராபர்ட் வில்லியம்ஸ் படைத்த 'எபோனிக்ஸ்' என்னும் சொல்லால் கறுப்பினச் சிறாரின் மொழியைக் குறித்து, அதனைக் கருத்திற்கொண்டே பொது ஆங்கிலம் கற்பிக்கப்பட வேண்டும் என வாரியம் கூறியது. அதற்கு அடிப்படையாக அமைந்த புள்ளிவிவரங்கள் கவனத்துக்குரியன. மாவட்ட மாணவருள் கறுப்பினத்தவர் 53 விழுக்காடு. சிறப்புக் கல்வியில் சேர்க்கப்பட்டோருள் அவர்கள் 71 விழுக்காடு. பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டோருள் 80 விழுக்காடு.

தீர்மானத்தில் மரபியல் அடிப்படை பற்றி இடம்பெற்ற சொல்லாட்சி பெருங்குழப்பத்தை விளைவித்தது. மொழிக் குடும்ப உறவைக் குறிக்க விரும்பிய இடத்தில் பிறப்புவழிப் பண்பைக் குறிப்பதுபோல் அது அமைந்துவிட்டது. 1997 ஜனவரி 15 அன்று வாரியம் அதனைத் திருத்தியது. அதற்குள் சிறாருக்குக் கொச்சை மொழியைக் கற்பிக்கப் போகின்றனர் என்னும் பொய்ச்செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. இருமொழிக் கல்வி நிதி இதற்குக் கிடைக்காது என மைய அரசின் கல்விச் செயலர் ரிச்சர்டு ரைலி அறிவித்தார். 1997 ஜனவரி 3 அன்று அமெரிக்க மொழியியல் கழகம் தன் தீர்மானத்தில், எபோனிக்ஸ் விதிகளுக்குட்பட்ட ஒழுங்கான மொழியமைப்பு என்றும், மொழி, கிளைமொழி என்னும் பாகுபாடு பெரும்பாலும் சமூக, அரசியல் அடிப்படையில் செய்யப்படுவது என்றும் தெளிவுபடுத்தியது.

கழகத்தின் கருத்து முற்றிலும் சரியானது. எனினும் விவாதம் முழுவதும் எபோனிக்ஸ் ஒரு மொழியா, கிளைமொழியா, கொச்சையா என்னும் வினாவைச் சுற்றியே நடந்தது. 71 விழுக்காடு, 80 விழுக்காடு என்னும் எண்கள் மறைந்தன. இடைநீக்கம் செய்யப்படும் மாணவன் இணைப்புவினையை விட்டதற்காக இடைநீக்கம் செய்யப்படுவதில்லை. மொழியியலார் தமக்குத் தெரிந்த வினாவுக்குத் திறம்பட விடையளித்தனர். கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா அவ்விடையின் நிழலில் ஒதுங்கிவிட்டது.

7. கேட்கும் செவி

அவ்வினாவுக்கான சான்று நெடுநாளாகவே மொழியியலாரின் கையில் இருந்தது. ஃபிரெடரிக் வில்லியம்ஸும் உடனாய்வாளரும் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சி பெறுவோரிடம் ஒரு சோதனை நடத்தினர். வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க மரபுச் சிறார் பேசும் ஒளிப்படக் காட்சிகள் காட்டப்பட்டன. காட்சிகளோடு இணைக்கப்பட்ட ஒலி பொது ஆங்கிலப் பேச்சே. காதில் விழுந்தது பொது ஆங்கிலமாக இருந்தும், கறுப்பின, மெக்சிக்க மரபுச் சிறாரின் காட்சியைக் கண்டோர் அப்பேச்சைப் பொது ஆங்கிலத்திலிருந்து விலகியதாக மதிப்பிட்டனர். முகம் மாறியபோது கேட்ட மொழியும் மாறியது.

சிறார் பொது ஆங்கிலத்தைக் கற்றுவிட்டால் இழிவு நீங்கும் என்பது குறைக் கொள்கையினர், வேறுபாட்டுக் கொள்கையினர் இரு சாராரும் மறைமுகமாக ஏற்ற முற்கோள். முன்னவர் வீட்டுமொழியை நீக்கிக் கற்பிக்க விரும்பினர். பின்னவர் அதனை மதித்து, இடத்துக்கேற்ப வழக்கை மாற்றிப் பேசக் கற்பிக்க விரும்பினர். டெக்சாஸ் சோதனை இம்முற்கோளைத் தகர்க்கிறது. பேச்சில் வேறுபாடே இல்லாதபோதும் செவி வேறுபாட்டைக் கேட்கிறது. இருவழக்குக் கல்வி வெள்ளையர் மேலாண்மையின் மொழியியலே என ஜேம்ஸ் ஸ்லெட் 1969இலேயே கண்டித்திருந்தார். அக்கண்டனம் அப்போது மிகைக்கூற்றாகத் தோன்றியிருக்கலாம். நெல்சன் ஃப்ளோரஸ், ஜோனதன் ரோசா ஆகியோர் 2015இல் எழுதிய கட்டுரை இதே கருத்தைக் கோட்பாடாக விரித்தது. இனப்படுத்தப்பட்ட மக்களின் மொழி எவ்வாறு இருப்பினும் அதைக் குறையுடையதாகக் கேட்கும் வெள்ளையர் செவியே ஆய்வுப்பொருளாக வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் வலியது. ஆயினும் இதனை மட்டும் பற்றிக்கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே கறுப்பினக் குழந்தை எதிர்கொள்ளும் இடைவெளி செவியின் கற்பனையன்று. 'பாஸ்ட்' என்னும் சொல்லின் முன் தயங்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு ஆசிரியரின் மனமாற்றம் மட்டும் வாசிப்பைக் கற்பித்துவிடாது. அம்மாற்றத்தோடு ஒலியனியல் அறிவும் அவருக்குத் தேவை. கேட்போரைத் திருத்துதல் என்னும் பெயரில் கற்பித்தலின் நுட்பங்களைக் கைவிட்டால் இழப்பு மீண்டும் அக்குழந்தைக்கே.

8. முடிவுரை

குறைக் கொள்கை அறிவியல் அடிப்படையில் தோற்றுவிட்டது. கறுப்பர் ஆங்கிலம் முழுமையான இலக்கணமுடைய மொழி என்பதில் மொழியியலாரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எனினும் பள்ளியில் அக்கொள்கை தன் பெயரை இழந்தும் பணியை இழக்கவில்லை. குழந்தையின் வாயை ஆராயும் பழக்கத்தை வேறுபாட்டுக் கொள்கையும் விட்டுவிடாமையே இதற்குக் காரணம் எனலாம். குறையா, வேறுபாடா என வினவிய இரு சாராரும் குழந்தையின் பேச்சையே மேசைமேல் வைத்தனர்.

ஹார்லத்துச் சிறுவனின் மௌனம், ஆன் ஆர்பர் நீதிபதி கண்ட தடை, கலிபோர்னியாவின் தேர்வுத்தாள், டெக்சாஸின் ஒளிப்படச் சோதனை ஆகிய நான்கும் ஒரு திசையையே சுட்டுகின்றன. மதிப்பிடும் அதிகாரம் உடையவர் யார், அவர் எதைக் கேட்கிறார், கேட்டதற்கு என்ன பெயரிடுகிறார் என்பன ஆராயப்பட வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் கிளைமொழியின் இலக்கணம் கற்பிக்கப்படுவதோடு, பயிற்சி பெறுவோரின் மதிப்பீடுகளும் இத்தகைய சோதனைகளால் அவர்களுக்கே காட்டப்பட வேண்டும். சிறப்பு வகுப்புக்கு ஒரு குழந்தையை அனுப்பும் முன் அதன் வாசிப்புப் பிழை ஒலிப்புமுறையால் விளைந்ததா என்பது சோதிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு வேண்டிய கருவிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே உருவாக்கப்பட்டுவிட்டன. தவறான வகுப்பில் அமர்த்தப்பட்ட குழந்தை அங்கு இழக்கும் ஆண்டுகளை எந்த மொழிக்கொள்கையாலும் பின்னர் ஈடுசெய்ய இயலாது.